எந்தப் பிளேனிலும் ஆள் உள்ளவர்

"தபால் கந்தோருக்குப் போறவன் ஆளில்லாதவன். எனக்குத் தபால் கந்தோர் எந்தத் திசையிலை இருக்கெண்டே தெரியாது. பியர்சன் எயாப்போட்டிலை இருந்து கிளம்புற எந்தப் பிளேனிலையும் எனக்கொரு ஆள் இருக்குது."

இதைச் சொன்னவர் மோர்னிங்சைட் அமிர்தநாதர். சொன்ன இடம், அவருடைய மகன் ஜூலியனின் கல்யாண வரவேற்பு நடந்த மார்க்கம் மண்டபம். மணமக்களை வாழ்த்தச் சொல்லி ஒலிவாங்கியைக் கையில் கொடுத்திருந்தார்கள். மணமக்களைப் பற்றி ஒரு வசனம் சொன்னார். மிகுதி முழுவதும் பார்சலைப் பற்றியே பேசினார். சபை கைதட்டியது. தட்டியவர்களில் பாதிப்பேர் அவருடைய பார்சலைச் சுமந்தவர்கள். மற்றப் பாதிப்பேர் இனிச் சுமக்க இருந்தவர்கள். அது அவர்களுக்கு அப்போது தெரியாது.

பெரிய மனிதர்களின் வரலாற்றை அவர்கள் பிறந்த ஊரிலிருந்து தொடங்குவது முறை. அமிர்தநாதர் மன்னார்த் தீவில் பேசாலையில் பிறந்தார். அதில் அவருடைய முயற்சி எதுவும் இல்லாதபடியால் அதை விட்டுவிடலாம். அவருடைய மேன்மை தொடங்கியது மிசிசாகாவில். அங்கே விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு கம்பனியில் வேலை. ஒரு சின்னத் தட்டில் கோழித்துண்டு, உருளைக்கிழங்கு, பாண், பட்டர், கேக், கரண்டி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்காமல் அடுக்கவேண்டும். இளைப்பாறும்வரை அதையே செய்தார். அதனால் அவர் மனதில் இரண்டு நம்பிக்கைகள் வேரூன்றின. எந்தப் பெட்டியிலும் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும் என்பது ஒன்று. மேலே பறக்கும் ஒவ்வொரு விமானத்திலும் தனக்கொரு பங்கு உண்டு என்பது மற்றது.

ஊருக்குப் போகிறவரிடம் சாமான் கொடுத்துவிடுவது எங்கள் சனத்தின் பழைய வழக்கம். அதை ஒரு கலையாக்கியவர் அமிர்தநாதர். ஸ்காபரோவில் ஒருவர் ரிக்கற் எடுத்தால் அவருடைய மனைவிக்குத் தெரிவதற்கு முன் இவருக்குத் தெரியும். அன்று பின்னேரமே ஒரு கேக் பெட்டியோடு வருவார். முதலில் பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். பிறகு குளிரை விசாரிப்பார். தேநீர் பாதி முடிந்ததும், தலையைச் சரித்து, "எத்தினை கிலோ விடுறாங்கள்?" என்பார். அந்தக் கேள்வி விழுந்த வீட்டில் அதற்குப் பிறகு சந்தோஷம் இல்லை.

"ஒரு சின்னச் சாமான்தான் தம்பி. துணி. காத்து மாதிரி."

அந்தக் காற்று, பயணத்துக்கு முதல் நாள் ஒரு பெட்டியாக வந்து சேரும். பெட்டி முழுவதும் மண்ணிற ஒட்டு ரேப். ஒரு விரலளவு மட்டை வெளியே தெரியாது. உள்ளே என்ன இருக்கிறதென்று கொண்டு போகிறவருக்குத் தெரியக்கூடாது என்பது அமிர்தநாதரின் கொள்கை. தெரிந்தால் பயப்படுவார்கள் என்பது அவருடைய கருணை. விமான நிலையத்தில், "இதை நீங்களே பொதி செய்தீர்களா?" என்று கேட்பார்கள். "ஓம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு அதற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்தவர்கள் எங்கள் கோவில் பங்கில் பலர். பங்குச்சாமிக்கு அது பழகிப்போய், ஆள் வாய் திறக்குமுன்பே, "அமிர்தநாதற்றை பெட்டியோ?" என்று கேட்பார் என்று சொல்லிக்கொள்வார்கள். பகிடிக்குச் சொல்வதாகவும் இருக்கலாம்.

அந்தப் பெட்டிகள் செய்த சேவையில் இரண்டைக் குறிப்பிட்டே ஆகவேண்டும்.

அவருடைய கட்டடத்திலேயே மேல்மாடியில் இருக்கும் புனிதவதி, தாயைப் பார்க்கப் போனபோது அமிர்தநாதரின் பெட்டியால் நிறை கூடிவிட்டது. பியர்சனில், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் நிலத்தில் முழந்தாளிட்டு, தாய்க்கு வாங்கிய சேலைகளை வெளியே எடுத்துக் கணவன் ஸ்ரீஸ்கந்தராசாவிடம் கொடுத்தார். அமிர்தநாதரின் பெட்டி பத்திரமாகப் போனது. அது வேறொருவரின் பொறுப்பல்லவா.

மற்றவர் இராஜரட்ணம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி, "உள்ளே என்ன?" என்று கேட்க, அவர் நம்பிக்கையோடு, "துணி" என்றார். அதிகாரி ரேப்பை வெட்டுவதற்குத் தேநீர் இடைவேளையையும் செலவழிக்க வேண்டியிருந்தது. துணி வந்தது. துணிக்குள் இன்னொரு துணி வந்தது. அதற்குள் மீன்பிடிப் படகின் வெளியிணைப்பு இயந்திரத்துக்குப் பூட்டும் ஒரு பித்தளைக் காற்றாடி வந்தது. அமிர்தநாதரின் மச்சானுக்காக. கிறிஸ்மஸ் முழுவதும் இராஜரட்ணம் அந்தக் காற்றாடிக்காகக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். திரும்பி வந்து, தனக்குக் காதில் வருத்தமென்றும் இனி விமானம் ஏறினால் செவிடாகிவிடுவார் என்று டாக்குத்தர் சொன்னாரென்றும் ஊரெல்லாம் அறிவித்தார். ஒவ்வொரு ஆடியும் அந்தச் செவிட்டுக் காது எங்கேயோ போய் மெலிந்து கறுத்து, இடுப்பில் வேட்டித் தழும்போடு திரும்பி வரும். புளோரிடா வெயில் என்பார்.

அமிர்தநாதர் தாமும் ஒருமுறை ஊருக்குப் போனார். அப்போது புனிதவதி, தாய்க்கு ஒரு மூக்குக்கண்ணாடி கொண்டு வந்து நீட்டினார். அமிர்தநாதர் அதை வாங்கிப் பார்த்து, கவலையோடு திருப்பிக் கொடுத்தார்.

"தங்கச்சி, குறை நினைக்காதையுங்கோ. இந்தக் காலத்திலை மற்ற ஆக்களின்ர சாமானுக்குப் பொறுப்பெடுக்கக்கூடாது."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிறு சலனமும் இருக்கவில்லை என்று புனிதவதி இன்றும் சாட்சி சொல்வார்.

இதன் பிறகு எங்கள் சமூகத்தில் ஊருக்குப் போவது இரகசியக் காரியமாயிற்று. மனிதர்கள் சூட்கேஸ் வாங்க நகரின் மறுகோடிக்குப் போனார்கள். விமான நிலையத்துக்கு உறவினர் காரில் போகாமல், பேச்சு வெளியே போகாத சீனச் சாரதியின் ரக்சியில் போனார்கள். கோவிலில் அமிர்தநாதர் பக்கத்தில் வந்து அமர்ந்தால், இந்த வருடம் லீவில்லை என்று கேட்காமலே சொன்னார்கள். அமிர்தநாதருக்கோ சனம் ஏழையாகிவிட்டது என்ற கவலை. "பாவங்கள், ஒருத்தரும் ஊருக்குப் போக வசதியில்லாமல் இருக்குதுகள்" என்று மனைவி றீற்றாவிடம் சொல்லி இரங்குவார். றீற்றா சட்டியைக் கிண்டிக்கொண்டிருப்பாள்.

இந்த நிலையில்தான் பேசாலையிலிருந்து தங்கச்சி மக்டலீன் போன் எடுத்தாள். மகள் அனோஜாவுக்குச் சம்பந்தம் சரிவந்துவிட்டது. தவக்காலத்துக்கு முன் கல்யாணம். அமிர்தநாதர் மணப்பெண்ணுக்குத் தாய்மாமன். ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பனும் அவரே.

"தலையிலை இருந்து கால்வரை என்ர பொறுப்பு" என்றார் உடனே. "தலைக்கு நெற், காலுக்குச் சப்பாத்து. நீ ஒண்டும் வாங்காதை."

"கல்யாணத்துக்கு முன்னம் வந்திடுமோ அண்ணை?"

"என்ன கதை கதைக்கிறாய். எத்தினை பேர் போறாங்கள் இங்கையிருந்து."

மக்டலீன் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள். அனோஜாவின் கால் கொஞ்சம் பெரிது. அந்த அளவுக்கு வெள்ளைச் சப்பாத்து மன்னாரிலும் இல்லை, யாழ்ப்பாணத்திலும் இல்லை. பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளையின் மாமி ஒருத்தி அந்தக் காலைப் பார்த்து, "பிள்ளை தோணியிலை வந்ததோ, தோணியைப் போட்டுக்கொண்டு வந்ததோ" என்று கேட்டுவிட்டாள். பெட்டி வராவிட்டால் அனோஜா செருப்போடுதான் பீடத்துக்கு நடக்கவேண்டும். அந்த மாமி முன்வரிசையில் இருப்பாள்.

அமிர்தநாதர் சீப்புறூக் வீதிக் கடையொன்றில் நிலத்தைக் கூட்டும் நீளத்தில் மணப்பெண்ணின் முக்காட்டு நெற் வாங்கினார். சப்பாத்தும் வாங்கினார். வாங்கிய கையோடு ஆள் தேடத் தொடங்கினார். அவரே போயிருக்கலாம், ஆனால் காலில் இரத்தம் கட்டி, டாக்குத்தர் விமானப் பயணம் கூடாதென்று மறித்திருந்தார். காதுக்காக இராஜரட்ணம் சொன்ன பொய், காலுக்காக அமிர்தநாதருக்கு உண்மையாக வந்து வாய்த்தது. கப்பலில் பெட்டி அனுப்பும் ஆட்களும் ஸ்காபரோவில் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கப்பல் போய்ச் சேரும்போது அனோஜாவுக்குச் சப்பாத்தை விடக் குழந்தைச் சப்பாத்தே உதவும்.

முதலில் மேல்மாடிக்குப் போனார்.

கதவைத் திறந்த புனிதவதி, "வாங்கோ" என்று சொல்லாமல், உள்ளே திரும்பி, "அமிர்தண்ணை வந்திருக்கிறார்" என்று உரத்துச் சொன்னார். வரவேற்பாகவும் கேட்டது, தீயணைப்பு மணியாகவும் கேட்டது. உள்ளே எதுவோ இழுபட்டது. அமிர்தநாதர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தபோது, தொலைக்காட்சிக்கு முன்னால் பூப்போட்ட படுக்கை விரிப்பால் மூடிய ஒரு உயரமான பொருளும், அதற்கு மேல் அவசரமாக வைத்த ஒரு குஷனும், அதற்குப் பக்கத்தில் மூச்சிரைக்கும் ஸ்ரீஸ்கந்தராசாவும் இருந்தனர். செற்றி முழுவதும் மடித்த உடுப்பு. இருக்க வேறு இடமில்லை. அமிர்தநாதர் குஷனின் மேல் அமர்ந்தார்.

"உது புதுசோ?"

"ஓம் அண்ணை" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "ஒட்டோமன் எண்டு சொல்லுவினம், முதுகில்லாத இருக்கை."

"கொஞ்சம் உயரம் கூடிப்போச்சு."

"இவருக்கு முழங்கால் நோ. உயரமெண்டால்தான் எழும்பலாம்" என்றார் புனிதவதி.

தேநீர் வந்தது. பிள்ளைகளின் படிப்பு முடிந்தது. குளிர் முடிந்தது.

"இந்தமுறை கிறிஸ்மஸ் லீவுக்கு ஒருத்தரும் ஊர்ப்பக்கம் போகேல்லையோ?"

"லீவு தரமாட்டன் எண்டிட்டாங்கள் அண்ணை" என்று ஸ்ரீஸ்கந்தராசாவும், "இவர்ட பாஸ்போட் முடிஞ்சு போச்சு" என்று புனிதவதியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இரண்டும்தான்" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

அமிர்தநாதர் கவலையோடு தலையாட்டி, தேநீரை எட்டி மேசையில் வைத்தார். வைக்கும்போது ஒட்டோமன் அவரையும் ஏற்றிக்கொண்டு மெல்ல உருண்டு தொலைக்காட்சிப் பக்கம் போனது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சில்லும் வைச்சிருக்கிறாங்கள்" என்றார் அமிர்தநாதர்.

"இப்ப வாறதெல்லாம் சில்லோடைதான் அண்ணை. கீழை கூட்டுறதுக்கு லேசு."

"நல்ல வேலை."

எழும்பும்போது அவர் விரிப்பின் ஒரு நுனியை இழுத்து, வெளியே எட்டிப் பார்த்த கைப்பிடியை மூடிவிட்டார். ஆயுள் முழுவதும் பொதி கட்டிய மனிதருக்குத் தாம் எதன்மேல் இருந்தார் என்பது தெரியாதா என்று கேட்கலாம். அவர் கேட்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை. ஆள் தேடி வந்தவர், ஆள் கொண்டுபோகும் பெட்டியின் மேலேயே இருந்து தேநீர் குடித்துவிட்டுப் படியிறங்கினார்.

இராஜரட்ணத்துக்குப் போன் எடுத்தார். செவிட்டுக் காது என்றாலும் முதல் மணியிலேயே எடுத்தார். குரலைக் கேட்டதும் எதுவும் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். கோவிலில் பூசை முடிந்து வாசலில் நின்றார். அன்று சனம் பக்கக் கதவால் போனது. ஒரு தாய் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும்போது, "ஓடிவா, அவர் பாக்கிறார்" என்று சொன்னது அவர் காதில் விழுந்தது. வழக்கமாகப் பேயைப் பற்றி அப்படிச் சொல்வார்கள்.

மகன் ஜூலியனைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. ஜூலியனும் மனைவி ஸ்டெபனியும் கிறிஸ்மஸுக்கு டொமினிக்கன் தீவுக் கடற்கரைக்குப் போகிறார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் வேறு வழி இல்லாத ஒரு பின்னேரம் மார்க்கம் நகரில் இருக்கும் மகனுக்குப் போன் எடுத்து மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"தம்பி, நீங்கள் போற பிளேன் எந்தப் பக்கத்தாலை போகுது?"

"அப்பா, அது டோட்டலி ஒப்போசிற் டைரெக்சன்."

"இல்லை, அங்கையிருந்து கொழும்புக்கு ஏதும் தொடுப்பு இருக்குமோ எண்டு."

"சீரியஸ்லி அப்பா. ஜஸ்ற் மெயில் இற். நோர்மல் ஆக்கள் அப்பிடித்தான் செய்யிறவை."

"தபாலிலையோ" என்று அமிர்தநாதர் சிரித்தார். மகனுக்கு இன்னும் உலகம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

கிறிஸ்மஸ் விடிந்தது. விடியற் பூசையால் வந்து, கோட்டைக் கழற்றாமலே, மகனுக்கு வாழ்த்துச் சொல்லப் போன் எடுத்தார். றீற்றா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். போனைச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்தார்.

"மெறி கிறிஸ்மஸ் அப்பா. இப்பத்தான் எழும்பினம். பிறெக்பஸ்ற்றுக்குப் போகப்போறம்."

"முகத்தைக் காட்டன் தம்பி. கடலைப் பாப்பம்."

"வீடியோ வேலை செய்யாது அப்பா. இங்கை வைஃபை சரியான ஸ்லோ."

அப்போது பின்னால் ஒரு இசை கேட்டது. மெல்லிய, மூக்கால் பாடுவது போன்ற, தேய்ந்த மின்னிசை. தூரத்திலிருந்து தெருவழியாக நெருங்கி வந்து, திருப்பத்தில் ஒருமுறை அறுந்து, மறுபடி தொடங்கியது. இலங்கையில் ஒரு பின்னேரமாவது இருந்த எவருக்கும் அது என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. பாண்காரனின் ஓட்டோ. இங்கே விடிந்தால் அங்கே பின்னேரம். அதற்கு மேலே ஒரு காகமும் தன் பங்குக்குச் சாட்சி சொன்னது.

"உது என்ன சத்தம் தம்பி?"

ஜூலியன் கொஞ்சம் யோசித்தான். "அது… ஐஸ்கிறீம் ட்றக் அப்பா."

"ஜூல்ஸ்" என்று பின்னால் ஸ்டெபனியின் குரல் கேட்டது. "ஆஸ்க் ஹிம் இஃப் ஹி ஹாஸ் கிம்புலா பணிஸ்."

கிம்புலா பணிஸ் என்பது முதலை வடிவத்தில், மேலே சீனி தூவி இலங்கையில் விற்கும் இனிப்புப் பாண். டொமினிக்கன் கடற்கரையில் அதை எந்த ஐஸ்கிறீம் வண்டியும் விற்பதில்லை.

"ஐஸ்கிறீமைக் கனக்கச் சாப்பிடாதையுங்கோ" என்றார் அமிர்தநாதர். "தொண்டை கட்டும்." போனை நிறுத்தினார்.

குசினியில் கத்தி ஒரே சீராகப் பலகையில் விழுந்துகொண்டிருந்தது. அது ஒருமுறைகூடத் தடுமாறாததை அவர் கவனித்தார்.

"உமக்குத் தெரியுமோ?"

"என்னத்தை?"

"ஐஸ்கிறீம் வண்டியை."

றீற்றா வெங்காயத்தைச் சட்டியில் போட்டாள். "தெரியும்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"அவன்தான் கேட்டவன், அப்பாக்குச் சொல்லிப்போடாதையுங்கோ எண்டு. ஸ்டெபனியின்ர தாய் தேப்பனோடை தெற்கிலை காலிப் பக்கம் கடல் பாக்கப் போயிருக்குதுகள். பெட்டியையும் காவிக்கொண்டு பேசாலைக்கு ஓடேலாதாம்."

"ஒரு நெற். ஒரு சோடிச் சப்பாத்து. அவ்வளவும்தானே றீற்றா."

"நீங்கள் நெற் எண்டுதான் சொல்லுவியள். விரிச்சுப் பாத்தால் உள்ளுக்குக் காத்தாடி இருக்கும்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உப்புப் போதுமா என்று கேட்கும் குரலில் சொன்னாள். அதுதான் அமிர்தநாதருக்குப் பொறுக்கவில்லை. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, அறைக்குள் போய், அனோஜாவின் பெட்டிக்கு இன்னொரு சுற்று ரேப் ஒட்டினார்.

விடுமுறை கழிந்து கடைகள் திறந்த அன்று, அமிர்தநாதர் வீட்டுக்கு அருகில் உள்ள மருந்துக்கடைக்குப் பெட்டியோடு போனார். அந்தக் கடையில் அவர் பிரஷர் குளிசை வாங்கத் தொடங்கிப் பல காலம். உள்ளே, குழந்தைகளுக்குக் கட்டும் நப்பித் தட்டுக்கு அப்பால் தபால் கவுண்டர் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதைக் கடந்தே குளிசை எடுப்பார். இருந்தாலும் திசை தெரியாதவர் போல ஒரு வேலையாளிடம் கேட்டு, அவள் விரல் காட்டிய பிறகே போனார். கொள்கை என்றால் கொள்கை.

கவுண்டரில் இருந்தவள் ஒரு தமிழ்ப் பெண். சட்டையில் அட்சயா என்று பெயர் குத்தியிருந்தது. அவருக்கு முன்னால், கிறிஸ்மஸ் பரிசுகளைப் பிடிக்கவில்லையென்று கடைகளுக்குத் திருப்பி அனுப்ப வந்தவர்களின் நீண்ட வரிசை. அமிர்தநாதர் தமது பெட்டியைக் காலால் தள்ளித் தள்ளி முன்னேறினார். பனிச்சேறு பட்டுப் பெட்டி நனைந்தது.

"ஓ மை கோட் அங்கிள், என்ன இவ்வளவு ரேப்" என்றாள் அட்சயா. நாடாவால் அளந்து பார்த்தாள். "இது ரூ பிக். உள்ளுக்கு என்ன இருக்கு?"

"துணி" என்றார் அமிர்தநாதர், பழக்கத்தில்.

"துணி மட்டுமோ? கஸ்ரம்ஸுக்கு ஒவ்வொண்டாச் சொல்லவேணும்."

அவள் கத்தியை எடுத்தாள். அமிர்தநாதரின் ரேப், கட்டுநாயக்காவுக்குப் பிறகு முதல் தடவையாக அந்நியர் கையால் வெட்டுப்பட்டது. வரிசையில் நின்ற அனைவரும் பார்த்துக்கொண்டிருக்க, நெற்றின் அடியிலிருந்து பொருட்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மாப்பிள்ளைக்கு வாங்கிய சென்ற் போத்தல். அனுப்ப முடியாது, தீப்பற்றும். நகப்பூச்சு. அதுவும் தீப்பற்றும். தலைமயிருக்கு அடிக்கும் ஸ்பிறே. அதுவும் தீப்பற்றும். மச்சானுக்குச் சவரம் செய்யும் மெசின். அதில் பற்றறி, அது எல்லாவற்றையும் விட நன்றாகத் தீப்பற்றும். இவ்வளவையும் இத்தனை காலமாக மனிதர்களின் கால்மாட்டில் ஏற்றி ஆகாயத்தில் அனுப்பியவர், அவற்றை ஒரு பிளாஸ்ரிக் பையில் பொறுக்கிப் போட்டார். நெற்றும் சப்பாத்தும் மட்டும் மிஞ்சின.

"சின்னப் பொக்ஸ் ஒண்டு வாங்கி மாத்துங்கோ அங்கிள். அட்ரஸ் சொல்லுங்கோ."

"பேசாலை. கோவிலுக்குப் பின்னாலை. மக்டலீன் வீடெண்டு கேட்டால் ஆரும் காட்டுவினம்."

"கொம்பியூட்டர் ஒருத்தரிட்டையும் கேக்காது அங்கிள். ஸ்ட்றீற் நேம், வீட்டு நம்பர், போஸ்ரல் கோட்."

அமிர்தநாதர் இளமைக்காலம் தொடங்கி அந்த வீட்டுக்குச் சாமான் அனுப்புகிறார். அதன் முகவரி அவருக்குத் தெரியாது. எப்போதும் யாரோ ஒருவர் வழி கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தார். வரிசையை விட்டு விலகி, நப்பித் தட்டோடு சாய்ந்து நின்று, தங்கச்சிக்குப் போன் எடுத்தார்.

"வீட்டு நம்பரோ?" என்றாள் மக்டலீன். "இருக்கும் அண்ணை. கரண்ட் பில்லிலை இருக்கும். நாங்கள் நம்பர் பாத்தோ எங்கட வீட்டுக்குப் போறனாங்கள்?" எங்கோ போய்த் தேடி எடுத்து வந்து வாசித்தாள். பிறகு, "ஏன் அண்ணை, ஆர் கொண்டு வாறது?"

அமிர்தநாதர் அட்சயாவைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் குவிந்திருந்த பெட்டிகளைப் பார்த்தார்.

"ஒரு பொடியன் கொண்டு வருவான். அவனுக்கு இடம் பிடிபடாது. அதுதான்."

"ஆற்றை பொடியன்?"

"உனக்குத் தெரியாது. சைக்கிளிலை வருவான். தேத்தண்ணி குடு."

"கல்யாணத்துக்கு முன்னம் வருவானோ? மாப்பிள்ளையின்ர மாமி நேற்றும் சப்பாத்து வந்திட்டுதோ எண்டு கேட்டவ."

"வருவான்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

மீண்டும் வரிசையின் கடைசியில் நிற்கவேண்டியிருந்தது. அந்த வரிசையில் முன்னால் நின்ற கிழவி ஒருத்தி, போன வாரம் வாங்கிய முத்திரை ஒட்டவில்லை என்று அட்சயாவோடு வாதாடினாள். அவளுக்கு முன்னால் நின்றவன் சப்பாத்து ஒன்றை, இடதுகால் மட்டும், திருப்பி அனுப்பினான். அமிர்தநாதர் புதுப்பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார். ரேப் ஒரே ஒரு சுற்றுத்தான். அதையும் அட்சயாவே ஒட்டித் தந்திருந்தாள்.

முறை வந்தது. முகவரியைச் சொன்னார். பெட்டியைத் தராசில் வைத்தார்.

"இது கல்யாணத்துக்குப் பிள்ளை. தவக்காலம் தொடங்க முன்னம் போகுமோ?"

"எக்ஸ்பிறஸ்ஸிலை விட்டால் கட்டாயம் போகும் அங்கிள். அதுக்கு நல்ல முன்னமே போயிடும். ஒரு பிரச்சினையும் இல்லை."

ஒரு பிரச்சினையும் இல்லை என்று அவள் சொன்னதுதான் அன்றைய கொடுமையில் பெரியது. யாரும் முழந்தாளிடத் தேவையில்லை. யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. எப்போதும் தபால் கவுண்டர் அந்த நப்பித் தட்டுக்கு அப்பால்தான் இருந்தது.

அவள் சொன்ன தொகையைக் கேட்டு அவர் வங்கி அட்டையை எடுத்தார். அவள் ஒரு கணம் தயங்கினாள். நல்ல பெண், கிழவர் ஏமாந்து போகக்கூடாதென்று நினைத்தாள்.

"அங்கிள், டோன்ற் மைன்ட். இது சரியான எக்ஸ்பென்சிவ். எங்கட அம்மா ஆக்கள் எப்பவும் ஊருக்குப் போற ஆக்களிட்டைத்தான் குடுத்து விடுறவை. நெற்றும் சப்பாத்தும்தானே, ஆரும் கொண்டு போவினம். உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரும் போகேல்லையோ?"

அமிர்தநாதர் அட்டையை இயந்திரத்தில் செருகினார். இரகசிய எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"இல்லைப் பிள்ளை" என்றார். "எனக்கு அப்பிடி ஒரு ஆளும் இல்லை."

அவள் பெட்டியை உள்ளே இழுத்தாள்.